மூன்று தடவை வேண்டாம்

ரூபிணி செய்தது இவ்வளவுதான்: ஒரு கோப்பில் 1 என்று இருந்ததை 3 என்று மாற்றினாள். அதற்குப் பிறகு நடந்த கூத்துக்கெல்லாம் தன்னைக் குறை சொல்வது நியாயமில்லை என்று அவள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். நியாயமா இல்லையா என்பதைப் படிக்கிறவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

கோயம்புத்தூர்க் கல்யாண மண்டபங்களில் மனிதர்கள் பரிமாறுவது நின்று, சக்கரம் வைத்த இயந்திரங்கள் சாம்பார் வாளியோடு வலம்வர ஆரம்பித்த காலம் அது. அவற்றுக்குள் ஓடும் நிரல்கள் உலகத்துக்குப் பொதுவாக எழுதி வைக்கப்பட்டவை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், காசு கிடையாது. ஆனால் பொதுச்சொத்து என்பதற்காக அப்படியே எடுத்து மாட்டிவிட முடியாது. யாராவது உட்கார்ந்து, அதை நம் ஊர் இயந்திரத்தில் ஓடும்படி பொதியாகக் கட்டி, உள்ளே இருக்கும் திருகுகள் ஒவ்வொன்றும் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்து அனுப்ப வேண்டும். ‘நொய்யல்’ என்ற பெயரில் அப்படி அனுப்புகிற சின்னக் கூட்டம் ஒன்று பீளமேட்டில் இருந்தது. ரூபிணிக்கும் அவள் தோழி நஸ்ரினுக்கும் வாரம் முழுக்க வேறு உத்தியோகம். சனிக்கிழமை வந்தால் பொதி கட்டுவார்கள்.

திருகுகள் நிற்கும் அந்த இடத்துக்கு முன்னிருப்பு என்று பெயர். வாங்கியவர் எதையும் தொடாவிட்டால் என்ன நடக்குமோ, அதுதான் முன்னிருப்பு. வாங்கியவர் ஒருநாளும் எதையும் தொடுவதில்லை என்பதால், உலகத்தில் நடப்பதில் பெரும்பகுதி முன்னிருப்புதான்.

‘மறுப்பறி’ என்று ஒரு பொதி. மனிதன் வாயைத் திறந்து ஏதோ சொல்கிறான்; அது மறுப்பா இல்லையா என்று இயந்திரத்துக்குச் சொல்வது அதன் வேலை. எழுதியவர்கள் ஏதோ ஒரு குளிர்நாட்டுக்காரர்கள். அங்கே ஒருவர் வேண்டாம் என்றால், அவருக்கு அது வேண்டாம். அதனால் ‘எத்தனை முறை மறுத்தால் மறுப்பு?’ என்ற இடத்தில் 1 என்று வைத்திருந்தார்கள்.

அந்த 1 முதன்முதலாக நம் ஊர்ப் பந்திக்கு வந்த அன்று, எப்படி ஓடுகிறது என்று பார்க்க ரூபிணியும் போயிருந்தாள். இயந்திரம் அவள் இலைக்கு முன்னால் நின்று, “பாயசம் வைக்கட்டுங்களா?” என்றது. சேமியா பாயசம். முந்திரி மிதந்தது.

“போதுங்க” என்றாள். ஆசை இல்லாமல் இல்லை. வளர்ந்த விதம் அப்படி.

“நன்றி” என்று இயந்திரம் அடுத்த இலைக்குப் போய்விட்டது. ரூபிணி அதன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தி முழுவதும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கை கழுவும் இடத்தில் கல்யாணப் பெண்ணின் பெரியப்பா அவளைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மிணி, என்ன மிசினு இது? ஒருக்கா கேட்டுப்போட்டுத் திரும்பிக்கூடப் பாக்காமப் போவுது! மாப்ள வூட்டுக்காரங்க பூராப் பேரும் அரை வயித்தோட எந்திரிச்சுப் போறாங்க. நாளைக்கு நான் எப்படி அவங்க மூஞ்சில முழிப்பேன்?”

அவர் கண் கலங்கியிருந்தது. ரூபிணிக்கு அவமானமாக இருந்தது. அந்தச் சனிக்கிழமையே 1-ஐ 3 ஆக்க உட்கார்ந்துவிட்டாள்.

“ஒண்ணே இருக்கட்டும் ரூபி. வேண்டாம்னா வேண்டாம்தானே?” என்றாள் நஸ்ரின்.

“பந்தில உக்காந்து மொதத் தடவையே ‘போடுங்க’ன்னு சொன்ன ஆளை நீ பாத்திருக்கியா?”

“எங்க வூட்டு பிரியாணிக்கு யாரும் வேண்டாம்னே சொல்றதில்ல.”

“அதை விடு. மொத வேண்டாம் மரியாதைக்கு. ரெண்டாவது வேண்டாம் பக்கத்து இலைக்காரங்களுக்காக. மூணாவதுதான் வயிறு பேசறது.”

“சரி, மூணாந்தடவ கேக்கறப்ப ஒண்ணுமே பேசலைன்னா?”

“அது சம்மதம். கையை இலைக்கு மேல வெச்சிருப்பாங்க, ஆனா விரலுக்கு நடுவுல சந்து விட்டிருப்பாங்க. நீயே பாத்திருப்பியே.”

நஸ்ரின் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, “அப்ப இதைப் பந்தி மெஷினுக்குன்னு தனியா எழுதி வை. மறுப்பறி அடிப்பொதி, வேற மெஷின்காரங்களும் எடுத்து மாட்டறது. அதுல கையை வெச்சா, அதுக்கு மேல யாரு யாரு வந்து உக்காருவாங்கன்னு நமக்குத் தெரியாது” என்றாள்.

“யாரு வந்து உக்காரப்போறாங்க? தனியா எழுத நேரமில்ல நஸ்ரின், அடுத்த முகூர்த்தம் வருது.”

முகூர்த்தம் வந்தது. இயந்திரங்கள் மூன்று தடவை கேட்டன. கேட்டுக் கேட்டுப் போட்டன. ஜனங்கள் “போதும், ஐயோ, போதுங்க” என்று வாயாரச் சொல்லிக்கொண்டே வயிறாரச் சாப்பிட்டார்கள். பெரியப்பா போன் பண்ணி, “இதல்லோ மிசினு!” என்றார். ரூபிணிக்கு வாழ்க்கையில் அவ்வளவு பெருமை அதற்கு முன் கிடைத்ததில்லை.

பிறகு மற்றவர்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். மறுப்பைப் புரிந்துகொள்ள ஒரு பொதி தயாராக இருக்கும்போது ஒவ்வொருவரும் புதிதாக ஏன் எழுத வேண்டும்? எடுத்து மாட்டினார்கள், எந்தத் திருகையும் தொடவில்லை. ஜவுளிக்கடையில் “போதும், இதுக்கு மேல எடுத்துப் போடாதீங்க” என்ற அம்மணியைப் புடவைக் குவியலுக்குள் தேடி எடுக்க வேண்டியிருந்தது. முடிவெட்டும் இயந்திரத்திடம் “போதும்” என்று ஒரு தடவையும், சற்றுக் கலவரத்தோடு இன்னொரு தடவையும் சொன்ன ஒரு வங்கி மேலாளர், மூன்றாவது தடவை சொல்வதற்குள் பழனிக்குப் போய் வந்தவர்போல் ஆகிவிட்டார்.

புகார்கள் வந்தன. ‘கடைவாய்’ என்ற புனைபெயரில் ஒருவர் எழுதியிருந்தார்: ‘பல் சுத்தம் செய்யும் நாற்காலி, போதும் என்ற பிறகும் வாயில் தண்ணீர் பீய்ச்சுகிறது. வாய் நிறையத் தண்ணீர் உள்ளவரால் மூன்று முறை பேச முடியாது. பேசாவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மேலும் பீய்ச்சுகிறது.’

ரூபிணி பதில் எழுதினாள்: ‘பிழை அல்ல. வடிவமைப்பே அப்படித்தான்.’ எழுதிவிட்டுப் புகாரை மூடினாள். கடைவாய் மறுபடி திறந்தார். அதே பதிலை எழுதி மறுபடி மூடினாள். அவளுக்கு முந்திரி மிதந்த பாயசம்தான் நினைவில் இருந்தது, அடுத்தவர் வாய்த் தண்ணீர் இல்லை.

இதற்கு நடுவே ரூபிணியின் அம்மா கிருஷ்ணவேணி, மகளுக்கு வரன் பார்க்கும் செயலி ஒன்றில் பெயர் கொடுத்திருந்தாள். செயலி தேன் குரலில் போன் பண்ணும். ஈரோட்டில் ஒரு பல் மருத்துவர், பெயர் மிதுன், ஜாதகம் அமோகமாகப் பொருந்துகிறது, பார்க்கலாமா என்றது. ரூபிணி “வேண்டாம்” என்றாள். பிறகொரு நாள் கேட்டது. “வேண்டாம்னு சொன்னேனே” என்றாள். இன்னொரு நாளும் கேட்டது. சலித்துப்போய், பேசாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அம்மா பீரோவைத் திறந்துபோட்டுப் பட்டுப்புடவைகளைக் கட்டிலில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

“ஞாயித்துக்கெழம நிச்சயம் கண்ணு. மண்டபம் சொல்லியாச்சு, சாப்பாடு சொல்லியாச்சு, சனமெல்லாம் வருது.”

“யாருக்கு நிச்சயம்?”

“உனக்குத்தான். ஈரோட்டு டாக்டரு.”

“அம்மா! நான் வேண்டாம்னுதானே சொன்னேன்?”

“ரெண்டு தடவ சொன்னே. மூணாந்தடவ கேக்கறப்ப பேசாம இருந்துட்டியே. செயலியே சொல்லுச்சு, ‘மணமகள் நாணத்துடன் சம்மதம்’னு. எனக்கு அழுவாச்சியே வந்துருச்சு போ.”

நாணத்துடன் சம்மதம். அந்த விரல் சந்து ரூபிணிக்கு நன்றாகத் தெரிந்த சந்து.

“நான் சலிச்சுப்போய் போனை வெச்சேம்மா.”

“எல்லாப் பொண்ணுகளும் அப்படித்தான். நானுந்தான் உங்கப்பாவை ரெண்டு தடவ வேண்டாம்னேன்.”

“மூணாந்தடவ?”

“மூணாந்தடவ யாரு கேட்டா?” என்றாள் அம்மா சாதாரணமாக, ஒரு புடவையை மடித்துக்கொண்டே. பிறகு அடுப்பில் பாலை வைத்தது ஞாபகம் வந்து சமையலறைக்குப் போனாள். ரூபிணி நின்ற இடத்திலேயே நின்றாள். இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை அவள் அம்மாவிடம் கேட்டதே இல்லை.

அப்போதே நஸ்ரினைக் கூப்பிட்டாள். நஸ்ரின் கொஞ்ச நேரம் எதையோ தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஆமா ரூபி. அந்தச் செயலியும் மறுப்பறி மேலதான் உக்காந்திருக்கு. மூணு தடவ, பேசலைன்னா சம்மதம். ஒரு திருகையும் தொடலை.”

“நான் அம்மாகிட்ட மாட்டேன்னு கத்திருவேன். எனக்கு வாய் இருக்கு.”

“உனக்கு இருக்கு. இந்த மாசம் மட்டும் தமிழ்நாடு பூராவும் எத்தனை ‘நாணத்துடன் சம்மதம்’னு சொல்லட்டுமா?”

“வேண்டாம், சொல்லாத.”

“சரி, சொல்லலை. ஒரு தடவ சொன்னாப் போதும்” என்றாள் நஸ்ரின்.

ரூபிணிக்கு அழுகை வந்தது. அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தாள். அங்கேதான் இடித்தது. அடிப்பொதியின் முன்னிருப்பைப் பொதி கட்டுகிறவர் தன் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது, திறந்திருக்கும் புகார் ஒன்றாவது வேண்டும் என்று நொய்யலில் ஒரு விதி. பந்தி சமயத்தில் பெரியப்பாவையே ஒரு புகார் எழுத வைத்து அந்த விதியைத் தாண்டியிருந்தாள். இப்போது புதிதாக யாராவது புகார் கொடுத்தால், ‘இது ஏற்கெனவே வந்தது’ என்று தானாக மூடிக்கொள்கிறது. பழையதைக் கொடுத்தவர்தான் திறக்க முடியும். கொடுத்தவர் கடைவாய். அவருக்கு எழுதினார்கள், பதில் இல்லை. இரண்டு தடவை முகத்தில் கதவைச் சாத்தியவர்களுக்கு யார் பதில் எழுதுவார்கள்?

“அது வர்றப்ப வரட்டும். நாளைக்கு நான் ஈரோடு போறேன். அந்த டாக்டர்கிட்ட நேராப் பார்த்து வேண்டாம்னு சொல்லிட்டு வந்தர்றேன். அவரு பாவம், நான் வெக்கப்பட்டுட்டு உக்காந்திருக்கேன்னு நெனச்சுட்டிருப்பாரு” என்றாள் ரூபிணி.

மறுநாள் காலை ஈரோட்டில் அந்தப் பல் மருத்துவமனையைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தாள். வரவேற்பில் ஆள் இல்லை. ஒரு நாற்காலி மட்டும் அவளை நோக்கித் திரும்பி, “வாங்க, உக்காருங்க” என்றது. நடந்து வந்த களைப்பில் உட்கார்ந்துவிட்டாள். அது பின்னால் சாய்ந்தது.

“சுத்தம் பண்ணிரலாங்களா?”

“வேண்டாம். நான் டாக்டரைப் பார்க்கணும்.”

மெல்லிய கை ஒன்று வந்து வாயோரத்தில் நின்றது. “சும்மா ஒரு நிமிஷந்தானுங்க.”

“வேண்டாம்!” என்று வாயைத் திறந்ததுதான் தப்பு. தண்ணீர் உள்ளே பாய்ந்தது. மூன்றாவது வேண்டாமைச் சொல்ல முயன்றாள். குளுகுளு என்றுதான் வந்தது. நாற்காலி அவள் அமைதியைக் கண்டு சந்தோஷப்பட்டு இன்னும் கொஞ்சம் பீய்ச்சியது. உள்ளறையிலிருந்து ஓடிவந்த ஒருவன், பழகிய கையால் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான்.

“மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க. மூணு தடவ சொல்லோணும். யாரோ ஒரு அறிவாளி அப்படி வெச்சிருக்காங்க” என்று துண்டை நீட்டினான்.

அறிவாளி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நான் ரூபிணி. ஞாயித்துக்கெழம நமக்கு நிச்சயமாம்.”

மிதுன் கையிலிருந்த பிளக் கீழே விழுந்தது. “ஐயோ. தப்பா நெனைக்காதீங்க... நான் உங்களை வேண்டாம்னு சொன்னேனுங்க. உங்க மேல ஒண்ணுமில்ல. ஆளைப் பார்க்காம எப்படிங்க?”

“நானுந்தாங்க வேண்டாம்னேன்!”

“அப்பறம் எப்படீங்க நிச்சயம்?”

“நீங்க எத்தனை தடவ சொன்னீங்க?”

“ரெண்டு. மூணாந்தடவ அது போன் பண்றப்ப நான் ஒருத்தர் வாயில கையை வெச்சிருந்தேன், பேச முடியல. எங்கப்பாவுக்கு என்ன சொல்லுச்சு தெரியுங்களா? ‘மணமகனின் கம்பீரமான மௌனம்’னு.”

ரூபிணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்ததும், சொல்லிவிடலாம் என்று தோன்றியது. “அந்த மூணு தடவையை வெச்ச அறிவாளி நான்தாங்க. நொய்யல்ல மறுப்பறிப் பொதியைக் கட்டறது நான்.”

மிதுன் அவளை மேலும் கீழும் பார்த்தான். பிறகு மெதுவாக, எழுத்துக் கூட்டுவதுபோல, “பிழை அல்ல. வடிவமைப்பே அப்படித்தான்” என்றான்.

“கடைவாய்?”

“நான்தாங்க.”

“உங்களுக்கு எழுதினோமே!”

“நொய்யல்னு பேரைப் பார்த்ததுமே அழிச்சுப்போட்டனுங்க. மறுக்கா அதே பதிலைப் படிக்க எனக்குத் தெம்பில்ல.”

அவள் மன்னிப்புக் கேட்டாள். பெரியப்பாவின் கண்ணீரைப் பற்றியும் பாயசத்தைப் பற்றியும் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கேட்டு முடித்து, “பந்திக்கு மூணு சரிதானுங்க. வாய்க்குத்தான் ஆகாது” என்றான்.

“அடிப்பொதிக்கும் ஆகாது” என்றாள் ரூபிணி. நஸ்ரின் சொன்னதை ஒப்புக்கொள்ள அவளுக்கு ஈரோடு வரை வர வேண்டியிருந்தது.

மிதுன் அங்கேயே நின்று, தன் புகாரை மூன்றாவது முறையாகத் திறந்தான். ரூபிணி நனைந்த சட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்து, பையிலிருந்த மடிக்கணினியில் 3-ஐ 1 ஆக்கினாள். ‘பேசாவிட்டால்’ என்ற இடத்தில் ‘சம்மதம்’ என்று இருந்ததை அழித்து ‘மறுப்பு’ என்று எழுதினாள். மூன்றைப் பந்தி இயந்திரத்துக்கு மட்டும் தனியாக ஒரு பொதியில் பிறகு வைத்துக்கொள்ளலாம். நஸ்ரினை அழைத்தாள்.

“ஒரு தடவதான் கேப்பேன். அனுப்பட்டுமா?” என்றாள் நஸ்ரின்.

“அனுப்பு.”

அடுத்து அம்மா. போனை எடுத்ததும் அம்மா பூ அலங்காரத்தைப் பற்றி ஆரம்பித்தாள். ரூபிணி நடுவில் நிறுத்தினாள்.

“அம்மா. எனக்கு இந்த நிச்சயம் வேண்டாம். ஒரு தடவதான் சொல்றேன்.”

அம்மா திட்டப்போகிறாள், அழப்போகிறாள் என்று காத்திருந்தாள்.

“சரி கண்ணு” என்றாள் அம்மா. கொஞ்சம் கழித்து, “இவ்வளவு சுளுவா இது?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, பழைய அம்மாவாகி, “அது கெடக்கட்டும், ஞாயித்துக்கெழமைக்குச் சாப்பாடு சொல்லிப்போட்டனே, அதை என்ன பண்றது?” என்றாள்.

மிதுன் தன் அப்பாவுக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மனிதர்களுக்குப் புதுப்பொதி போய்ச்சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

எல்லாம் முடிந்தபோது இருவருக்கும் பெரிய சுமையை இறக்கி வைத்த களைப்பு. மூலையில் இருந்த காப்பி இயந்திரம் உருண்டு வந்து ரூபிணி முன்னால் நின்றது. நல்ல டிகாக்‌ஷன் வாசனை.

“காப்பி தரட்டுங்களா?”

“வேண்டாங்க” என்றாள் ரூபிணி, பழக்க தோஷத்தில்.

“நன்றி” என்றது இயந்திரம். திரும்பி மூலைக்கே போய்விட்டது.

ரூபிணி வாயைப் பிளந்தபடி அதன் முதுகைப் பார்த்தாள். பொதி ஈரோடு வந்து சேர்ந்துவிட்டது. காலையில் கிளம்பியதிலிருந்து அவள் ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை. மிதுன் சிரிப்பை அடக்கி அடக்கித் தோற்றுப்போய்ச் சொன்னான்:

“பிழை இல்லீங்க. வடிவமைப்பே அப்படித்தானுங்க.”

எழுந்து மூலைக்குப் போனாள். பிறந்ததிலிருந்து யார் வீட்டிலும் சொல்லாததைச் சொன்னாள்: “எனக்குக் காப்பி வேணும்.” கூச்சமாக இருந்தது. காது சூடானது. காப்பி வந்தது. “சக்கரை?” என்றது இயந்திரம். பல் டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, “வேணும்” என்றாள்.

அவள் குடித்து முடிக்கும் வரை மிதுன் கீழே கிடந்த பிளக்கை எடுத்துக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்:

“ஞாயித்துக்கெழம மண்டபத்துல நிச்சயம் இல்லீங்க. ஆனா சாப்பாடு இருக்குது, வீணாப் போகும். நான் போய்ச் சாப்படலாம்னு இருக்கேன். நீங்களும் வர்றீங்களா?”

கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றான். இவன் இன்னொரு தடவை கேட்க மாட்டான் என்று ரூபிணிக்குத் தெரிந்தது. பேசாமல் இருந்தால் அதுவும் இனி மறுப்புதான். அவளே எழுதியது.

“சேமியா பாயசம் உண்டுங்களா?”

“உண்டுங்க.”

“வர்றேன்” என்றாள், முதல் தடவையிலேயே.